பச்சைத் தேயிலை விலைக்கும் நீலகிரி மண்சரிவுக்கும் என்ன சம்பந்தம்?

நீலகிரியில் கனமழை பெய்து ஓரிடத்தில் மண் சரிந்தால் போதும், அன்று மாலையே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். காட்டை அழித்ததால் வந்த வினை என்பார்கள் சிலர். மலையில் எதற்கு இத்தனை பேர், எல்லோரையும் கீழே இறக்கிவிட வேண்டியதுதானே என்பார்கள் வேறு சிலர். சரிந்த அந்தத் துண்டு நிலம் பதினைந்து இருபது வருஷத்துக்கு முன்பு யாரிடம் இருந்தது, அதில் என்ன விளைந்தது, வைத்திருந்தவர் அதை ஏன் விற்றார் என்று கேட்பவர்கள் குறைவு. கேட்க ஆரம்பித்தால் பேச்சு தேயிலை ஏஜென்டின் தராசுக்கும், குன்னூர் ஏலத்துக்கும், கிராமசபை கூடிய தேதிகளுக்கும் வந்து நிற்கும். மலையில் இருப்பவர்களின் பிழைப்பும் நில உரிமையும் ஆட்டம் காணும்போது மலையும் ஆட்டம் காண்கிறது என்பதுதான் என் வாதம். நீலகிரியின் இருநூறு வருஷத்து வரலாற்றில் இது திரும்பத் திரும்ப நடந்திருக்கிறது.

முதலில் மலை எப்படி இருந்தது என்பதைப் பார்த்துவிடலாம், ஏனென்றால் பெரும்பாலானோர் நினைத்துக்கொண்டிருக்கும் நீலகிரி அசல் நீலகிரி இல்லை. ஊட்டிக்குப் போகிறவர்கள் கண்ணில் படும் உயரமான கற்பூர மரங்கள் (யூகலிப்டஸ்), சீகை மரங்கள் (வாட்டில்), பைன் தோப்புகள் எல்லாமே வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. அவலாஞ்சி, அப்பர் பவானி, முக்குர்த்தி பக்கம் 2,000 மீட்டருக்கு மேலே இன்னமும் மிச்சமிருக்கும் இடங்களில் பழைய மலையைப் பார்க்கலாம். மலை மடிப்புகளுக்குள் மட்டும் இருட்டாக, குட்டையான மரங்கள் அடர்ந்த சோலை. மற்ற மேடுகளிலும் சரிவுகளிலும் புல், புல், புல். குளிர்காலத்தில் திறந்த வெளியில் இறங்கும் உறைபனி மரக்கன்றுகளைக் கருக்கிவிடும் என்பதால் சோலை மரங்கள் மடிப்பை விட்டு அதிகம் வெளியே வராது. சிவப்புப் பூ பூக்கும் ரோடோடென்ட்ரான் மரம்தான் பனியையும் தீயையும் தாங்கிக்கொண்டு புல்லுக்கு நடுவே தன்னந்தனியாக நிற்கும். வரையாடு மேய்வது இந்தப் புல்லில்தான், பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை குறிஞ்சி பூப்பதும் இங்கேதான்.

இந்தப் புல்வெளியில் குனிந்து ஒரு கொத்துப் புல்லை விலக்கிப் பாருங்கள். அடியில் கறுத்த மண், அதற்குள் கைவிரல் நுழைய முடியாத அளவு பின்னிக் கிடக்கும் வேர். மழை நின்று பல நாள் கழித்தும் அழுத்தினால் ஈரம் ஒட்டும். பெய்யும் மழையும் மூடுபனியின் ஈரமும் இந்த மண்ணுக்குள் இறங்கி, மெதுவாகக் கசிந்து, பள்ளத்தில் சதுப்பாகத் தேங்கி, அப்புறம் சோலைக்குள் ஓடையாகப் புறப்படும். கோடையிலும் வற்றாத ஓடைகளின் ரகசியம் இதுதான். பவானியும் மோயாறும் இப்படித்தான் நிரம்புகின்றன. பில்லூர் அணையிலிருந்து கோவைக்குப் போகும் குடிநீரும், பவானிசாகரை நம்பி ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் பாசனம் பெறும் சுமார் 2 லட்சம் ஏக்கரும், குந்தா, பைக்காரா மின்நிலையங்களும் இந்த மேல்மலை ஈரத்தை நம்பித்தான் இருக்கின்றன.

1819-இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் மேலே ஏறி வந்தபோது இங்கே தோடர்கள் எருமை மேய்த்துக்கொண்டிருந்தார்கள், கோத்தர்கள் மண்பாண்டமும் இரும்பு வேலையும் செய்தார்கள், படுகர்கள் பயிர் செய்தார்கள், சரிவுகளில் குறும்பர்களும் இருளர்களும் தேனெடுத்தும் தினை சாமை விதைத்தும் வாழ்ந்தார்கள். இவர்களுக்குள் பொருள் மாற்றும் முறையும் உறவு முறையும் இருந்தன. வந்தவர்கள் கண்ணுக்குப் புல்வெளி வெற்றிடமாகத் தெரிந்தது. மரம் இல்லாத நிலம் பயனற்ற நிலம் என்பது அந்தக் காலத்து வருவாய்க் கணக்கு. 1840-களில் ஆஸ்திரேலியாவிலிருந்து யூகலிப்டஸும் சீகையும் வந்தன, ஆரம்பத்தில் ஊட்டி, குன்னூரில் இருந்தவர்களுக்கு விறகு வேண்டும் என்பதற்காக.

ஆனால் வெள்ளைக்காரன் மேல் முழுப் பழியையும் போட்டுவிட்டுப் போக முடியாது. புல்வெளியின் பெரும்பகுதி மரத்தோப்பானது சுதந்திரத்துக்குப் பிறகுதான். தோல் பதனிடச் சீகைப் பட்டை வேண்டும் என்றார்கள், சிறுமுகையில் இருந்த விஸ்கோஸ் ஆலைக்கு மரக்கூழ் வேண்டும் என்றார்கள், ஐந்தாண்டுத் திட்டங்களில் நிதி ஒதுக்கினார்கள், வனத்துறையே ஹெக்டேர் கணக்கில் நட்டது. இதைச் செய்தவர்கள் மலைக்கு நல்லது செய்வதாகத்தான் நம்பினார்கள், ஏனென்றால் மரம் நடுவது நல்ல காரியம் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கப்பட்டிருந்தது. (இன்றும் மலைமேல் கொண்டுபோய் ஏதாவது ஒரு மரக்கன்றை நட்டுவிட்டுப் படம் எடுத்துப் போடும் ஆர்வலர்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது. புல்வெளியில் மரம் நடாதீர்கள், தயவுசெய்து.)

இதன் விளைவை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். ஊட்டியில் இருக்கும் மத்திய மண், நீர் வள ஆராய்ச்சி நிலையத்தினர் கிளென்மார்கன் பக்கம் அருகருகே இருக்கும் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள், இன்னொன்றில் பாதிக்கு மேல் யூகலிப்டஸ் நட்டார்கள். முதல் பத்து வருஷச் சுற்றில் மரம் நட்ட பக்கம் ஓடைக்கு வந்த தண்ணீர் சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்து வளர்ந்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். நான்கில் ஒரு பங்கு தண்ணீர் போய்விட்டது என்றால் கீழே அணையில் என்ன ஆகும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பழனி மலையில் நாற்பது வருஷத்துச் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018-இல் வந்தது; அங்கே புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மரத்தோப்பாகவும் விவசாய நிலமாகவும் மாறிவிட்டது.

தோடர்களுக்கு இது வெறும் தண்ணீர்க் கணக்கு இல்லை. அவர்களுடைய வாழ்க்கை முழுவதும் எருமையைச் சுற்றியது. எருமைக்கு மேய்ச்சல் வேண்டும். கோயில்களை வேய்வதற்குச் சதுப்பில் மட்டும் வளரும் ஒரு வகைப் புல் வேண்டும், அந்தச் சதுப்புகள் மரத்தோப்புகளுக்கு நடுவே காய்ந்துவிட்டன. பருவம் பார்த்துப் புல்லுக்குச் சிறு தீ வைத்து மூப்படைந்த புல்லையும் உள்ளே முளைக்கும் புதரையும் கழிப்பது அவர்கள் வழக்கம். வனச் சட்டம் வந்த பிறகு அது குற்றமாகிவிட்டது. ஆக, புல்வெளியைப் பராமரித்தவர்கள் விலக்கப்பட்டார்கள், புல்வெளியை மூடிய மரங்கள் பாதுகாக்கப்பட்டன. தோடர்கள் மொத்தமே இரண்டாயிரம் பேருக்குள்தான். இப்போது பெண்கள் கையால் போடும் சிவப்பு, கறுப்பு எம்பிராய்டரிதான் பல மந்துகளில், அதாவது தோடர் ஊர்களில், ரொக்க வருமானம். அதற்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, இருந்தாலும் இயந்திரத்தில் அடித்த நகல் கடைகளில் தொங்குவது நின்றபாடில்லை.

சரி, சீகையை வெட்டிப் போட்டுவிட்டால் புல் வந்துவிடுமா? அவ்வளவு சுலபமில்லை. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், வெட்டி வெயில் பட்டாலோ தீப்பட்டாலோ ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் முளைக்கும். வெட்டிய அடியிலிருந்தும் துளிர்க்கும். எனவே வெட்டிய பிறகு வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் போய்க் கன்றுகளைப் பிடுங்க வேண்டும், நாட்டுப் புல்லின் நாற்றைக் கொண்டுவந்து நட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. பல பழைய தோப்புகளின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமாகவே முளைத்து வருகின்றன. அங்கே கண்மூடித்தனமாக வெட்டினால் வளர்ந்து வரும் சோலையும் போய்விடும். எங்கே வெட்டுவது, எங்கே விட்டுவைப்பது என்பதை ஒவ்வொரு சரிவாகப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அதற்கு வருஷம் முழுக்க அந்தச் சரிவில் நடமாடும் ஆட்கள் தேவை. மூன்று வருஷத்தில் மாறிப்போகும் அதிகாரியாலும் மார்ச் மாதத்தில் பில் போடும் ஒப்பந்ததாரராலும் இது ஆகிற வேலையில்லை.

இனி தேயிலைக்கு வருகிறேன், ஏனென்றால் நீலகிரியில் நிலம் கைமாறும் கதை இங்கேதான் ஆரம்பமாகிறது.

தேயிலை என்றதும் பெரிய எஸ்டேட்டுகள்தான் நினைவுக்கு வரும். ஆனால் மாவட்டத்தில் 60,000-க்கும் மேற்பட்ட சிறு விவசாயிகள் இருக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர். உருளைக்கிழங்கும் கோஸும் போட்டுக்கொண்டிருந்த படுகர் ஊர்களான ஹட்டிகள் 1970-கள், 80-களில் தேயிலைக்கு மாறின. அரசும் ஊக்கம் கொடுத்தது. அப்போது சோவியத் யூனியன் இலையை நசுக்கி உருட்டிச் செய்யும் நீலகிரி சிடிசி தூளை அள்ளிக்கொண்டு போனது. இலைக்கு நல்ல விலை, வீடுகள் கட்டினார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். சோவியத் உடைந்தது, தொண்ணூறுகளின் கடைசியில் விலை விழுந்தது, விழுந்த விலை அதற்கப்புறம் சரியாக எழுந்திருக்கவே இல்லை.

விலை எப்படித் தீர்மானமாகிறது என்பதைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை இலை பறிக்கிறார்கள். ஆள் கூலி கட்டுப்படியாகாததால் கையால் கிள்ளுவது குறைந்து கத்தரியால் வெட்டுவது பெருகிவிட்டது. மூட்டையைச் சாலையோரம் கொண்டுவந்து வைக்கிறார்கள். ஏஜென்டின் வண்டியோ கூட்டுறவுத் தொழிற்சாலையின் வண்டியோ வரும். எடை போடும்போது இலையில் ஈரம், சாக்கு எடை என்று கழிப்பார்கள். நாலு, நாலரை கிலோ பச்சைத் தேயிலை சேர்ந்தால்தான் ஒரு கிலோ தூள். தூள் குன்னூர் ஏலத்துக்குப் போகிறது, அங்கே போகும் விலையை ஒட்டித் தேயிலை வாரியம் மாதாமாதம் மாவட்டச் சராசரி விலையை அறிவிக்கிறது, பணம் அதன் பிறகு வந்து சேரும். இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணியிலும் விவசாயிக்குச் சொல் கிடையாது. அவர் மூட்டையைக் கொடுக்கும்போது அதன் விலை அவருக்கே தெரியாது. உரம், மருந்து, கூலி மட்டும் அன்றன்றைக்கு ரொக்கம். கிலோவுக்கு 33.50 ரூபாயாவது வேண்டும் என்று கேட்டு 2023-இல் படுகர் கிராமங்களில் நாள்கணக்கில் உண்ணாவிரதம் இருந்தார்கள்; அப்போது கையில் கிடைத்தது அதில் ஏறக்குறைய பாதிதான்.

இப்படி ஒரு வருஷம் போனால் தாங்கலாம். இருபது வருஷம் போனால் பிள்ளைகள் கோவைக்கும் திருப்பூருக்கும் வேலைக்குப் போய்விடுவார்கள், வயதானவர்கள் இரண்டு பேர் ஹட்டியில் இருப்பார்கள், தோட்டம் கவாத்து செய்யப்படாமல் மரமாக வளரும், அந்தப் பாழான தோட்டத்துக்குள் காட்டெருமையும் கரடியும் சிறுத்தையும் வந்து படுக்கும், அதற்குப் பயந்து பறிக்க ஆள் வராது. அந்தச் சமயத்தில்தான் நில புரோக்கர் வருவார். வியூ நன்றாக இருக்கிறது, சென்ட் கணக்கில் வாங்கிக்கொள்ள பெங்களூரிலும் சென்னையிலும் ஆள் இருக்கிறது என்பார். இலையில் முப்பது வருஷம் உழைத்தாலும் பார்க்க முடியாத தொகையைச் சொல்வார். விற்பவரை எப்படிக் குறை சொல்வது? நான் சொல்ல மாட்டேன்.

வாங்கியவர் செங்குத்தான சரிவில் காட்டேஜ் கட்ட வேண்டும் என்றால் முதல் வேலை சரிவின் அடியை வெட்டிச் சமதளம் செய்வதுதான். நீலகிரியில் பாறைக்கு மேலே ஆழமான, நன்றாகச் சிதைந்த செம்மண் படலம் இருக்கிறது. காய்ந்திருக்கும்போது செங்குத்தாக வெட்டினாலும் நிற்கும், அதைப் பார்த்துத்தான் ஏமாறுகிறார்கள். தொடர்மழையில் தண்ணீர் உள்ளே இறங்கி மண்ணின் கனம் கூடும், மண்துகள்களுக்கு இடையில் நீரின் அழுத்தம் ஏறும், கீழே தாங்க வேண்டிய அடிப்பகுதியை ஏற்கெனவே வெட்டி எடுத்தாகிவிட்டது, இயற்கையாகத் தண்ணீர் வடிந்த பள்ளத்தையும் சாலைக்காகவோ மதிலுக்காகவோ அடைத்தாகிவிட்டது. பிறகு ஒரு ராத்திரி போதும். 1978, 1979, 1993 என்று பெரிய சரிவுகள் நடந்தன; 1993 நவம்பரில் மரப்பாலத்தில் சாலையும் வாகனங்களும் அடித்துச் செல்லப்பட்டன. 2009 நவம்பரில் 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அதில் பெரும்பாலோர் சரிவுகளில் சின்ன வீடுகளில் படுத்திருந்தவர்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. சென்னையில் ஒரு வருஷத்துக்குப் பெய்வதில் பாதிக்கு மேல் அது. மாவட்டத்தில் அபாயமான இடங்கள் 283 என்று நிர்வாகமே பட்டியல் வைத்திருக்கிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1990-லேயே மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் வந்தது, 1993-இல் மாஸ்டர் பிளான் விதிகள் வந்தன, 7 மீட்டர் உயரத்துக்கு மேல் கட்டக்கூடாது என்ற கட்டுப்பாடு இருக்கிறது, பொக்லைன் ஓட்டத் தடை இருக்கிறது. நடைமுறையில் என்ன ஆகிறதென்றால், ஹட்டியில் அப்பன் வீட்டுக்குப் பின்னால் மகனுக்கு ஓர் அறை கட்ட நினைப்பவர் அனுமதிக்காக வருஷக்கணக்கில் நடக்கிறார், பணமும் வக்கீலும் இருப்பவர் வீடு என்று அனுமதி வாங்கி ரிசார்ட்டாக நடத்துகிறார். மசினகுடி பக்கம் யானை வழித்தடத்தை மறித்த ரிசார்ட்டுகள் மீது நடவடிக்கை எடுக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. 2020 அக்டோபரில் வழித்தட அறிவிப்பு சட்டப்படி செல்லுபடியாகும் என்று தீர்ப்பு வந்தது. தீர்ப்பு சரியானது. ஆனால் அதே வழித்தட வரைபடத்துக்குள் காலங்காலமாக இருக்கும் இருளர், குறும்பர் குடியிருப்புகளையும் சின்ன விவசாயிகளையும் நாற்பது அறை ரிசார்ட்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது சரியாகாது.

கூடலூர்ப் பக்கம் நிலைமை இன்னும் சிக்கல். நிலம்பூர் அரச குடும்பமான கோவிலகத்தின் ஜன்மி (பரம்பரை நில உடைமையாளர்) நிலங்களை ஒழிக்க 1969-இல் சட்டம் வந்தது, அதன் 17-ஆவது பிரிவில் வரும் நிலங்கள் யாருக்கு என்பது இன்றைக்கும் இழுபறி. பணியரும் காட்டுநாயக்கரும் பரம்பரையாக இருந்த காடு முதலில் ஜன்மியிடம், அப்புறம் எஸ்டேட்டிடம், அப்புறம் குடியேறியவர்களிடம் போனது. கோவிலகத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு இந்தக் காடுகள் வெட்டப்படுவதைப் பார்த்து 1995-இல் போட்ட வழக்குதான் நாடு முழுவதும் வன நிர்வாகத்தை மாற்றிய கோதவர்மன் வழக்கு. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க 1968-இல் ஆரம்பித்த அரசுத் தேயிலைத் திட்டம்தான் இப்போதைய டான்டீ. அது நஷ்டத்தில் ஓடுகிறது என்று நிலத்தின் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க 2022-இல் அரசு முடிவெடுத்தது. காடு திரும்புவது எனக்குச் சந்தோஷம்தான், யானைக்கு அந்த இடம் வேண்டும். ஆனால் ஒரு நாட்டிலிருந்து அனுப்பப்பட்டு, காட்டை வெட்டித் தேயிலை நடச் சொல்லி, ஐம்பது வருஷம் கொழுந்து பறித்து, ஓய்வு பெறும்போது எஸ்டேட்டின் வரிசை வீடான லயன் வீட்டைக் காலி செய் என்றால் அவர்கள் எங்கே போவார்கள்? வீட்டுமனைக்கு வழி செய்த பிறகு எடுக்க வேண்டிய முடிவு இது.

இதற்கு மாற்று எங்காவது நடக்கிறதா என்றால், நடக்கிறது. கோத்தகிரிப் பக்கம் குறும்பர்கள் பெருந்தேன் எடுக்கும் முறையைக் கேட்டால் மலைக்கும் மனிதருக்கும் இருக்கும் உறவு எப்படிப்பட்டது என்று பிடிபடும். பாறை விளிம்பிலிருந்து காட்டுக்கொடியால் முறுக்கிய ஏணியைத் தொங்கவிட்டு இறங்குகிறார்கள். மேலே கொடியைக் காவல் காப்பது பெரும்பாலும் மச்சான்தான், தன் அக்கா தங்கையின் தாலிக்கு ஆபத்து வர அவன் விடமாட்டான் என்ற நம்பிக்கை. பச்சைத் தழையைக் கட்டிப் புகை போட்டு ஈயை விலக்கி, தேன் இருக்கும் பகுதியை மட்டும் மூங்கிலால் அறுத்து எடுக்கிறார்கள். எந்தப் பாறை யார் குடும்பத்துக்கு என்ற முறை இருக்கிறது, எல்லா அடையையும் எடுத்துவிடக்கூடாது என்ற கட்டுப்பாடும் இருக்கிறது. முன்பு இந்தத் தேன் உள்ளூர் வியாபாரியிடம் அரிசிக்கும் முன்பணத்துக்கும் அடிமாட்டு விலையில் போகும். கோத்தகிரியில் இயங்கும் கீஸ்டோன் அறக்கட்டளையின் முயற்சியில் தொடங்கி, பழங்குடியினரே பங்குதாரர்களாக இருக்கும் ஆதிமலை உற்பத்தியாளர் நிறுவனம் 2013-இல் உருவானது. தேன், காபி, மிளகு, இலவம்பஞ்சு, தேன்மெழுகு எல்லாவற்றையும் கிராமத்திலேயே வாங்கி, அங்கேயே பதப்படுத்தி விற்கிறார்கள். 2021-இல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு அதற்குக் கிடைத்தது. பரிசைவிட முக்கியம், வேலை கிராமத்துக்குள் இருப்பதும் விலையைப் பங்குதாரர்களே பேசித் தீர்மானிப்பதும். பூ பூக்கும் காடு இருந்தால்தான் தேன், தேன் விற்றால்தான் குடும்பம் என்னும்போது அந்தக் காட்டுக்குத் தனியாகக் காவலர் போட வேண்டியதில்லை.

முதுமலைக் காட்டை மூடிக்கொண்டிருக்கும் உண்ணிச்செடி (லன்டானா) என்ற களையிலும் இதே மாதிரி ஒன்று நடந்தது. அந்தக் குச்சிகளைச் சீவி, வேகவைத்து, வளைத்து, கூடலூர்ப் பகுதிப் பழங்குடிக் கலைஞர்கள் நிஜ அளவு யானைகளைச் செய்தார்கள்; அந்த யானைகள் 2021-இல் லண்டன் பூங்காக்களில் நின்றன. காட்டில் இருக்கும் உண்ணிச்செடி அளவுக்கு இது சிறு துளிதான், மறுக்கவில்லை. ஆனால் களையெடுப்பதை நூறு நாள் வேலைக் கூலியாகப் பார்க்காமல் கைத்தொழிலாகப் பார்த்தால் என்ன ஆகும் என்பதற்கு அது நல்ல உதாரணம்.

இவையெல்லாம் நிலைக்க வேண்டுமானால் காட்டின் மீது சட்டப்படியான உரிமை வேண்டும். 2006 வன உரிமைச் சட்டம் அதைக் கொடுக்கிறது. தனிக் குடும்பம் பயிர் செய்யும் நிலத்துக்கு 4 ஹெக்டேர் வரை உரிமை, அது ஒரு பாதி. பலரும் பேசாத இன்னொரு பாதி சமூக வன உரிமை: கிராமம் காலங்காலமாகப் பயன்படுத்திய காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் கிராமசபைக்கே அதிகாரம். தமிழ்நாட்டில் 2008-இல் உயர் நீதிமன்றம், தன் அனுமதி இல்லாமல் பட்டா கொடுக்கக்கூடாது என்று உத்தரவு போட்டது. 2016-இல் உச்ச நீதிமன்றத்தில் அது நீங்கும் வரை எட்டு வருஷம் ஒன்றும் நகரவில்லை. அதன் பிறகும் தனிப்பட்டா பற்றிப் பேசும் வேகம் சமூக உரிமையில் இல்லை. வனத்துறைக்கு இதில் தயக்கம் இருப்பது புரிகிறது, கையில் இருந்த அதிகாரத்தைப் பகிர்ந்துகொள்வது யாருக்கும் கடினம். ஆனால் சீகையை எங்கே வெட்டுவது, புல்லுக்கு எப்போது தீ வைப்பது, தேனை எவ்வளவு எடுப்பது போன்ற கேள்விகளுக்குப் பதில் தெரிந்தவர்கள் அந்தக் கிராமசபையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

2010 பிப்ரவரியில் கோத்தகிரியில் மேற்குத் தொடர்ச்சி மலையைக் காப்பதற்கான ஒரு கூட்டம் நடந்தது. அப்போது சுற்றுச்சூழல் அமைச்சராக இருந்த ஜெய்ராம் ரமேஷ் அதற்கு வந்திருந்தார். மறுமாதமே மாதவ் காட்கில் தலைமையில் நிபுணர் குழு அமைந்தது. மலை முழுவதையும் மூன்று தரங்களாகப் பிரித்து, எங்கே என்ன செய்யலாம் என்பதைக் கிராமசபைகளில் வைத்துப் பேசி முடிவு செய்யுங்கள் என்றது அந்த அறிக்கை. 2011-இல் கொடுத்த அறிக்கையை மக்கள் கண்ணில் காட்டவே அடுத்த வருஷம் ஆனது, அதுவும் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் போராடிய பிறகு. அதற்குள் விவசாயியின் நிலம் போகப்போகிறது, வீடு கட்ட முடியாது என்ற வதந்தி மலை முழுக்கப் பரவிவிட்டது. மக்கள் மொழியில் மக்களிடம் கொண்டுபோயிருந்தால் பாதிப் பயம் அப்போதே தீர்ந்திருக்கும். பிறகு வந்த கஸ்தூரிரங்கன் குழு பாதுகாக்க வேண்டிய பரப்பை மலையின் 37 சதவீதமாகச் சுருக்கியது, கிராமசபை என்ற அம்சமும் பலவீனமானது. இன்றுவரை வரைவு அறிவிக்கைகள்தான் வருகின்றன. ஆறாவது வரைவு 2024 ஜூலை 31 தேதியிட்டது. அதற்கு முந்தின நாள்தான் கூடலூருக்குப் பக்கத்தில், வயநாட்டின் முண்டக்கை, சூரல்மலை ஊர்களை மண்சரிவு அடித்துக்கொண்டு போய் 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடைசியாகச் சுற்றுலா. கோடை சீசனில் தினமும் சுமார் 20,000 வாகனங்கள் நீலகிரிக்குள் வருகின்றன என்று நீதிமன்றத்தில் கணக்கு வைக்கப்பட்டது. 2024 மே மாதம் முதல் இ-பாஸ், 2025 ஏப்ரல் முதல் வார நாட்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பு. வியாபாரிகளும் டாக்ஸி ஓட்டுநர்களும் கடையடைப்பு நடத்தினார்கள். அவர்கள் கோபம் நியாயமில்லாதது என்று நான் சொல்லமாட்டேன். தேயிலை கைவிட்ட பிறகு வண்டி ஓட்டியும் ஹோம்மேட் சாக்லேட் விற்றும் பிழைப்பவர்கள் அவர்கள். வரம்பு வேண்டும், ஆனால் வருகிறவர் செலவழிக்கும் பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். வெளியூர்க்காரருக்குச் சொந்தமான ரிசார்ட்டில் தங்கி, ஆப்பில் புக் செய்து, காரிலேயே தண்ணீர் பாட்டிலும் நொறுக்குத்தீனியும் கொண்டுவந்து போகிறவரால் ஹட்டிக்கும் மந்துக்கும் குப்பையைத் தவிர ஒன்றும் மிஞ்சுவதில்லை.

என் யோசனை ஒன்று உண்டு. இ-பாஸ் இப்போது இலவசம். அதற்கு ஒரு கட்டணம் வைக்கலாம், கோவை முதல் ஈரோடு வரை பவானித் தண்ணீரைக் குடிக்கிற, பாய்ச்சுகிற, மின்சாரமாக்குகிற துறைகளின் வருமானத்திலிருந்தும் ஒரு சிறு பங்கு வாங்கலாம். அந்தப் பணத்தில் மேல்மலைப் புல்வெளியை மீட்கும் வேலையைத் தோடர், இருளர், குறும்பர் கிராமங்களுக்கு வருஷ ஒப்பந்தமாகக் கொடுக்கலாம், சரிவான தோட்டங்களை ரசாயனம் குறைத்துப் பராமரிக்கும் சிறு தேயிலை விவசாயிக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று இலை விலையோடு சேர்த்துக் கொடுக்கலாம். நிலத்தை விற்காமல் வைத்திருப்பதே அவருக்கு லாபம் என்ற நிலை வந்தால் புரோக்கருக்கு அங்கே வேலை குறையும். இதற்கு ஒரு நல்ல மறுப்பும் இருக்கிறது: பணம் வந்தால் அது தடுப்பணை, கான்கிரீட் சுவர், வியூ பாயின்ட் என்று ஒப்பந்ததாரரிடம்தான் போய்ச் சேரும் என்பார்கள். மலைப்பகுதி மேம்பாட்டுக்கென்று எழுபதுகளிலிருந்து வந்த நிதி எப்படிச் செலவானது என்று பார்த்தவர்கள் சொல்வது அது, அதைத் தள்ளிவிட முடியாது. அதனால்தான் பணத்துக்கு முன்னால் சமூக வன உரிமைப் பட்டா கைக்கு வர வேண்டும் என்கிறேன். பட்டா இருக்கிற கிராமசபை கணக்குக் கேட்கும், வேண்டாத சுவரை வேண்டாம் என்று தீர்மானம் போடும். அதற்குப் புதுச் சட்டமோ புதுக் குழுவோ தேவையில்லை. மாவட்ட அளவிலான வன உரிமைக் குழு கூடி, மேசையில் இருக்கும் மனுக்களை எடுத்துப் பார்த்தால் போதும்.